கதவுக் கொண்டி

தோமையார்துறை,
கருங்கல் வழி.
12 ஜூலை 2009

பகவதி,

முதலில் ‘அன்புள்ள’ என்று போட்டேன். பிறகு அடித்தேன். அடித்தது உனக்குத் தெரியக்கூடாது என்று வேறு தாள் எடுத்தேன். இது இரண்டாவது தாள்.

நீ பதினொரு தடவை போன் பண்ணியிருக்கிறாய். எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வரும், அழுதுவிட்டால் சண்டை போட முடியாது. இப்போது எனக்குச் சண்டைதான் போட வேண்டும். அதற்குக் கடிதம்தான் கொள்ளாம்.

உன் தொடர்கதையின் நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களைப் படித்தேன். எங்கள் பங்கு வாசகசாலைக்கு அந்தக் காலாண்டிதழை வரவழைத்ததே நான். ஹாஸ்டலில் என்கூடக் கிடந்தவள் எழுதுகிறாள் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். வேணும் எனக்கு.

பெண்ணுக்கு அபிதா என்று பெயர் வைத்தாய். சுசீந்திரம் பக்கம், வயலும் தோப்புமாக ஒரு சைவக் குடும்பம் என்றாய். பதினாறு வயதுப் பிள்ளை பாயைவிட்டு எழும்பாமல் கிடக்கிறாள். அவளுடைய அம்மா, கோவிலுக்கு ஒன்பது வெள்ளிக்கிழமை விளக்கு நேர்ந்திருக்கிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு, பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறாள். வெள்ளி என்று எழுதிவிட்டால் செவ்வாய் மறைந்துபோகுமா, பகவதி? என் பிரிஜாவை அந்தோணியார் குருசடிக்குப் பதிமூன்று செவ்வாய் கொண்டுபோகிறேன் என்று ஊரை நம்பவைத்து, நாகர்கோவில் டாக்டரிடம் கொண்டுபோனது மூன்று பேருக்குத்தான் தெரியும். நான், அவள், நீ. பதிமூன்று போதாமல் இன்னொரு பதிமூன்று நேர்ந்தேன். அந்தோணியாருக்கே சந்தேகம் வந்திருக்கும். பஹ்ரைனில் இருக்கும் அவள் அப்பா ததேயுஸுக்குக்கூட நான் சொல்லவில்லை.

இவ்வளவு மாற்றியவள் ஒன்றைக் கோட்டை விட்டுவிட்டாய். காலையில் கண்ணைத் திறந்ததும் அபிதா, “இன்னைக்கு நீவாடு பெலமா இருக்கும்மா” என்கிறாள். எந்த வயல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நீவாடு தெரியுமடி? கடலுக்கு அடியில் இழுக்கிற நீரோட்டத்துக்கு எங்கள் ஆட்கள் சொல்கிற சொல் அது. பாயில் கிடந்த நாளெல்லாம் பிரிஜாவும் காலையில் அதைத்தான் சொன்னாள். உங்கள் ஊர் வாய்க்காலில் நீவாடு ஓடுகிறதோ? அந்த ஒரு சொல்லில் கரை முழுக்கப் பிடித்துவிட்டார்கள். போன ஞாயிறு பூசை முடிந்து இறங்குகிறேன், மத்தியாஸ் வாத்தியார் கேட்கிறார், “கிரேசி, பிள்ளைக்கு இப்பம் நீவாடு எப்படி?” கிண்டலா கரிசனமா என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு சட்டியைப் போட்டு உடைத்தேன்.

அது போகட்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் அபிதா தனியாகப் பேச்சிப்பாறைக்குப் பஸ் ஏறி, அணை மதிலோரம் போய் நிற்கிறாள். ‘முடிவு அடுத்த இதழில்’ என்று கீழே போட்டிருக்கிறது. எப்படி முடியும் என்று தெரியாமல் இருக்க நான் என்ன பச்சைப் பிள்ளையா? படித்துவிட்டு அப்படியே எழும்பிப் போய், திருப்புளி எடுத்துக் குளிமுறிக் கதவின் கொண்டியைக் கழற்றினேன். படுக்கிற அறைக் கொண்டியையும் கழற்றினேன். இப்போது பிரிஜா வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுக் குளிக்கிறாள். பதினேழு வயதுப் பெண். மறுபடியும் பிளஸ் டூ படிக்கப் போகிறாள், சாப்பிடுகிறாள், சண்டை போடுகிறாள். பத்து மாதம் மருந்து சாப்பிட்டு நன்றாகிக்கொண்டு வந்தவள். உன் கதையைப் படித்த பிறகு அவளை நான் பார்க்கிற பார்வையே மாறிப்போயிற்று.

அடுத்த மாதம் ததேயுஸ் லீவில் வருகிறார். அதற்குள் நான் என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல்லு.

கிரேசி


உறையூர், திருச்சி.
20 ஜூலை 2009

அன்புள்ள கிரேசி,

நீ அடித்துப்போட்ட ‘அன்புள்ள’வை எடுத்து என் கடிதத்தில் போட்டுக்கொண்டேன்.

உன் கடிதம் நூலக முகவரிக்கு வந்தது. மதியம் புத்தக அலமாரிகளுக்கு நடுவில் நின்றே படித்தேன். இரண்டு பேர் புத்தகம் கேட்டு வந்தார்கள், எதை எடுத்துக் கொடுத்தேன் என்று இப்போதும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை விஷயம் உன்னுடையது. அதை நான் எடுத்திருக்கக் கூடாது. அன்று நீ போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் ‘ம்’ கொட்டிக்கொண்டே, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். நீ அழுதாய். நான் குறித்தேன். இதைவிட மோசமாக என்னைத் திட்ட உனக்கு வார்த்தை கிடைக்காது. அதனால் நானே சொல்லிவிட்டேன்.

ஆனால் அபிதா பிரிஜா இல்லை. பிரிஜாவுக்கு உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன்பே முதல் இரண்டு அத்தியாயங்களை எழுதிவிட்டேன். நீவாடு என்ற சொல்லும் பிரிஜா சொல்லி எனக்குத் தெரிந்ததில்லை. அவள் அப்படிச் சொல்வாள் என்பதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். அது எனக்கு எங்கே கிடைத்தது என்று இன்னொரு நாள் சொல்கிறேன்.

முடிவைப் பற்றி. ஒரு பெண் கதையில் சாகிறாள் என்றால் கதையில் மட்டும்தான் சாகிறாள். இந்த வயதுப் பிள்ளைகளின் மனநோயை நம் ஊரில் ‘திமிர்’ என்கிறார்கள், ‘பேய்’ என்கிறார்கள், ‘பரீட்சைப் பயம்’ என்கிறார்கள். அவர்களைப் பிடித்து உலுக்க வேண்டும். முதுகில் தட்டிக்கொடுத்துக் கதையை முடித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கடைசி அத்தியாயம் ஏற்கெனவே இதழாசிரியர் சிவதாணுவிடம் போய்விட்டது. அவர் இரண்டு தடவை படித்துவிட்டுப் போனில் பேச முடியாமல் இருந்தார். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது.

ததேயுஸிடம் நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு. கொண்டியையும் மாட்டிவிடு, கிரேசி. பாவம் அந்தப் பிள்ளை.

பகவதி


தோமையார்துறை
2 ஆகஸ்டு 2009

பகவதி,

திருச்சியில் இருந்துகொண்டு கொண்டியை மாட்டு என்று உத்தரவு போடுகிறாய். கழற்ற வைத்தது யார்? நல்ல கதையா இருக்கே!

அந்த இதழைப் பிரிஜா கண்ணில் படாமல் பீரோவுக்கு மேலே, பழைய சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். போன வியாழக்கிழமை அதை எடுத்து என் முன்னால் போட்டாள். வாசகசாலையில் எப்போதோ படித்துவிட்டாளாம். எடுத்ததோடு விட்டாளா? சிவப்பு மை பேனாவால் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி திருத்தி வைத்திருக்கிறாள். “பகவதிச் சித்தி ஒருபாடு தப்பு எழுதியிருக்கும்மா” என்றாள்.

உனக்குத் தெரிய வேண்டும் என்று பார்த்து எழுதுகிறேன். அபிதா மாத்திரை போட்ட மறுநாள் சன்னலைத் திறந்து சிரித்தாள் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பக்கத்தில்: ‘மறுநாள் யாரும் சிரிக்க மாட்டாங்க. மொதல்ல தொண்டை வரளும். ஒறக்கமா வரும். ஒன்றரை மாசம் ஒண்ணுமே தெரியாது.’ கண்ணாடி முன்னால் நின்று அழுதாள் என்ற இடத்தில்: ‘தலை சீவவே முடியாது, பின்ன யாரு கண்ணாடி பாத்தா?’ டாக்டர் அபிதாவின் கையைப் பிடித்து, வாழ்க்கை அழகானது என்று சொன்ன இடத்தில் பெரிய சிவப்பு வட்டம் போட்டு, ‘எங்க டாக்டர் சாப்பிட்டியா, ஒறங்கினியா, வெளிக்கிப் போனியா, இந்த மூணுதான் கேப்பாரு’ என்று எழுதியிருக்கிறாள். அதைப் படித்ததும் எனக்கு இத்தனை கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

அணைக்கட்டு வருகிற பக்கத்தில் மட்டும் ஒரு திருத்தமும் இல்லை. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, அபிதா செத்துப்போவாளா?”

“கதைதானே மக்கா. சவத்த விடு.”

“நான் சாகல்லியேம்மா. பின்ன அவ ஏன் சாவணும்?”

நான் இதழை மூடி வைத்தேன். அவளே மறுபடியும் சொன்னாள், “அவ சாவதப் படிச்சு அழுகதுக்கு ஆளிருக்கு. வாளி வச்சுக் குளிக்கது நானாக்கும்.”

இதற்கு மேல் நான் எழுத ஒன்றும் இல்லை. நீ எழுத்துக்காரி. என் பிள்ளைக்குப் பதில் சொல்லு. அந்தச் சொல் உனக்கு எங்கே கிடைத்தது என்பதையும் இப்போதே சொல்லு, இன்னொரு நாள் வேண்டாம்.

கிரேசி


உறையூர்
16 ஆகஸ்டு 2009

அன்புள்ள கிரேசி,

இரண்டு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு எப்படி வந்தாலும் தபாலில் போட்டுவிடுவேன்.

அந்தச் சொல்லை எனக்குக் கொடுத்தது நீ. 1986, பிளஸ் டூ, அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால். ஹாஸ்டலில் நான் பத்தொன்பது நாள் கட்டிலைவிட்டு எழும்பாமல் கிடந்தேனே, நினைவிருக்கிறதா? வார்டன் சிஸ்டரிடம் நீ விட்டு விட்டு வருகிற காய்ச்சல் என்று சொன்னாய். காலையில் என் தலையைப் பின்னிவிடுவாய். கஞ்சியை டம்ளரில் ஊற்றி என் கையில் வைத்துவிட்டுப் போவாய். எனக்குக் காய்ச்சல் இல்லை, கிரேசி. எனக்கு என்ன என்று எனக்கே தெரியாது. பெயர் தெரிந்தது முப்பது வயதுக்கு மேல், ஒரு புத்தகத்தை அட்டவணைப்படுத்தும்போது. அன்றைக்கு நீ என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தலை பின்னிக்கொண்டே சொன்னாய்: “எங்க அப்பா சொல்லும், நீவாடு பெலமா இருந்தா வலையப் பிடிச்சு இழுக்கப்பிடாது. கயித்த விட்டுக் குடுத்துட்டு கட்டுமரத்துல பைய இருக்கணும். அது தன்னால கழியும்.” நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன். காலையில் விழித்ததும், இன்றைக்கு நீவாடு எப்படி என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன். அபிதா அதைத்தான் சொல்கிறாள். அதனால்தான் வயல்காரர் வீட்டுப் பிள்ளை வாயில் வந்துவிட்டது. அதில் என்ன தவறு என்று எனக்கு உறைக்கவே இல்லை. இருபத்து மூன்று வருஷமாக அது என் சொல்லாகவே ஆகிவிட்டது.

அணைக்கட்டும் என்னுடையதுதான். அந்த வருஷம் வகுப்போடு பேச்சிப்பாறைக்குச் சுற்றுலா போனோம். நான் எழும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மதிலோரம் போய் நின்றேன். என்ன நினைத்து நின்றேன் என்று எழுத மாட்டேன், உனக்குப் புரியும். அப்போது நீ வந்து, உன் தாவணி முந்தியையும் என் தாவணி முந்தியையும் சேர்த்து முடிச்சுப் போட்டாய். எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலம் பஸ் ஏறுகிறவரை நீ அதை அவிழ்க்கவில்லை. இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்த மாதிரி கட்டுச்சோறு தின்றோம். உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் என்னைக் காப்பாற்றுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். நன்றி சொல்லத் தைரியம் வந்ததில்லை.

இனி பிரிஜாவின் கேள்வி. நானும் சாகவில்லையே, பிறகு ஏன் அபிதாவைக் கொன்றேன்? முதல் காரணம் வெட்கக்கேடானது: சாவு எழுதுவதற்குச் சுலபம். இரண்டே பக்கம், ஆசிரியர் அழுகிறார். பிழைத்துக் கிடந்ததில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். கஞ்சி, தலைப்பின்னல், காய்ச்சல் என்று ஒரு பொய். அது ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. இரண்டாவது காரணம், அந்தப் பெண்ணிடம் எனக்குள் இன்னும் ஒரு கோபம் இருக்கிறது. பதினேழு வயது பகவதியை நான் ஒருநாளும் சும்மா விட்டதில்லை.

சிவதாணு சாரிடம் கடைசி அத்தியாயத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். “நல்லா வந்திருந்த கதையைக் கெடுத்துராதீங்கம்மா” என்றார். புதிதாக எழுத எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. நீ ஒன்று சொல்ல வேண்டும். பிரிஜா தேறிவிட்டாள் என்று உனக்குத் தெரிந்த நாள் எது? அன்றைக்கு என்ன நடந்தது?

எழுத விருப்பமில்லை என்றால் விட்டுவிடு. கேட்க எனக்கு உரிமை இல்லை.

பகவதி


தோமையார்துறை
31 ஆகஸ்டு 2009

ஏட்டி பகவதி,

உன் கடிதத்தை அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். அடுப்பில் கிடந்த மரச்சீனிக் கிழங்கு அடிப்பிடித்து, அன்றைக்கு எல்லாருக்கும் கரிந்த கிழங்குதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கேட்டால் உனக்கு மனசு வெந்து வெப்ராளமாக இருக்கும். எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பத்தொன்பது நாளும் நீ பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாய் என்றுதான் நினைத்தேன். சிநேகிதியைக் காட்டிக்கொடுக்கக் கூடாதே என்று காய்ச்சல் என்று சொன்னேன். நீவாடு பற்றிச் சொன்னதுகூட, ஏதாவது பேச வேண்டுமே என்று அப்பா சொன்னதை எடுத்துவிட்டேன்.

அணைக்கட்டில் பயந்தது நான்தாண்டி! அவ்வளவு தண்ணீரை அவ்வளவு உயரத்தில் இருந்து பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. கடற்கரைக்காரி, நீந்தத் தெரியாது. எங்கள் கரையில் பெண்பிள்ளைகளை யார் கடலில் இறக்கினார்கள்? சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், மீன்காரன் மகளுக்குத் தண்ணீரைக் கண்டால் பயமா என்று. அதனால் விளையாட்டுப் போல உன் தாவணியில் என் தாவணியைக் கட்டினேன். வயல்காரி நல்ல கனமாக நிற்கிறாள், நான் விழுந்தாலும் பிடித்துக்கொள்வாள் என்று. நீ என்னைப் பிடித்துக்கொள்வாய் என்று நம்பித்தான் கட்டினேன், பகவதி. நீ அப்படி நின்றாய் என்று தெரிந்திருந்தால் முடிச்சா போட்டிருப்பேன்? உன்னைக் கட்டிப்பிடித்து ஊளையிட்டு ஊரைக் கூட்டியிருப்பேன். இருபத்து மூன்று வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ. அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. கதை படிக்கிறவர்களுக்கெல்லாம் எழுதுகிறாய், எனக்குச் சொல்ல மாட்டாய்.

ததேயுஸ் வந்தார். நான் முந்திக்கொண்டு சொல்லலாம் என்று இருந்தேன், வாய் வரவில்லை. வந்த மூன்றாம் நாள் சாயாக் கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அந்த இதழை எடுத்துத் தரச் சொன்னார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், உனக்குத் தெரியும். இரண்டு நாள் பிடித்தது. இரண்டு நாளும் என்னிடம் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் நானும் பிரிஜாவும் பஸ்ஸுக்குப் போகிறோம், இவர் எங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார். பஹ்ரைனில் இருந்து கொண்டுவந்த புதுச் சட்டை. “நானும் வாறேன்” என்றார். டாக்டர் ரூமுக்கு வெளியே பெஞ்சில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது என்னிடம், “ஒத்தைக்கு ஒரு வருஷம் சுமந்துட்டியேட்டி” என்றார். நான் பஸ் என்றும் பார்க்காமல் அழுதேன்.

அடுத்த வாரம் லீலாபாய் வந்தாள், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள். ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “கிரேசி, அந்த டாக்டருக்க பேரு என்ன?” என்றாள். அவளுடைய மகன் பத்தாவது படிக்கிறான். பெயரும் பஸ் நம்பரும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் ஒன்று கேட்டுக்கோ. நல்லது நடந்ததால் நீ செய்தது சரி என்று ஆகிவிடாது. என்னிடம் கேட்டிருந்தால் நான் தந்திருப்பேனோ என்னவோ. நீ கேட்கவில்லை.

நீ கேட்ட கேள்வி. பிரிஜா தேறிய நாள் என்று ஒரு நாள் கிடையாது. அவளிடமே கேட்டேன். “எனக்கும் தெரியாதும்மா” என்றாள். எனக்கு நினைவில் இருப்பது இவ்வளவுதான்: டிசம்பரில் ஒருநாள் சோற்றைப் பிசைந்துவிட்டு, குழம்பில் உப்பு இல்லை என்றாள். அதற்கு முன்னால் மூன்று மாதம் உப்பிருக்கிறதா இல்லையா என்று அவள் சொன்னதே இல்லை. நான் உப்பு எடுக்கப் போகிற சாக்கில் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். மறுநாள் மறுபடியும் பாயில் சுருண்டு கிடந்தாள். அதுவும் உண்டு, அதையும் எழுது.

கொண்டி இரண்டும் இன்னும் என் தையல் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன. மாட்டச் சொல்லி ததேயுஸ் சொல்கிறார். புத்திக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. அபிதா அந்த மதிலோரம் நிற்கிறவரை என்னால் முடியாது. பைத்தியக்காரத்தனம்தான், கதையில் வருகிற பிள்ளைதான். ஆனாலும் முடியாது.

கிரேசி


உறையூர்
20 செப்டம்பர் 2009

அன்புள்ள கிரேசி,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு வெகுநேரம் அழுதேன். என்னைப் பிடித்துக்கொண்டது நீ என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நீ என்னைப் பிடிமானமாக நினைத்திருக்கிறாய். அந்த நிலைமையில் என்னையும் ஒருத்தி நம்பி முடிச்சுப் போட்டிருக்கிறாள். இது தெரியாமலே நாற்பது வயதாகிவிட்டது.

உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. தெரிந்தால் நீ என் தலையைப் பின்னமாட்டாயோ என்று பயந்தேன் போலிருக்கிறது. பதினேழு வயதுப் பயம். அப்படியே இருந்துவிட்டது.

இத்துடன் கடைசி அத்தியாயத்தின் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. பதினெட்டுப் பக்கம். சிவதாணு சாருக்கு இன்னும் அனுப்பவில்லை. இதைப் பிரிஜாவிடம் கொடு. சிவப்புப் பேனாவோடு படிக்கச் சொல். அவள் வேண்டாம் என்றால் இது அச்சில் வராது. கதை ஐந்தாம் அத்தியாயத்தோடு நின்றுபோனதாக இருக்கட்டும், சார் என்னைத் திட்டட்டும். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன் என்று சொல்ல முடியாது. எழுதிவிட்டுக் கேட்கிறேன். அவ்வளவு தூரம்தான் எனக்கு வருகிறது.

மதிலோரம் நிற்கும் அபிதாவிடம், சுற்றுலா வந்த வேறு பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி வருகிறாள். உயரத்தைக் கண்டு பயந்தவள். உன் ஷாலைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாள். அவ்வளவுதான். அவள் அபிதாவைக் காப்பாற்ற வரவில்லை. மீதிப் பக்கங்களில் பெரிதாக ஒன்றும் நடக்காது. மாத்திரை, தொண்டை வறட்சி, தூக்கம், இரண்டு நாள் எழும்புகிறாள், ஒருநாள் சுருண்டு கிடக்கிறாள். எழுதுவதற்கு இதைப் போலக் கஷ்டமான எதையும் நான் எழுதியதில்லை.

உப்பை எடுத்துக்கொள்ளலாமா என்று உன்னிடமும் கேட்கிறேன். பதினாறாம் பக்கத்தில் இருக்கிறது. வேண்டாம் என்றால் அடித்துவிடு.

பகவதி


தோமையார்துறை
8 நவம்பர் 2009

அன்புள்ள பகவதி,

இந்தத் தடவை முதல் தாளிலேயே போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

இதழ் வந்துவிட்டது. உன் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பியபோது நான்கே இடத்தில்தான் சிவப்பு மை போட்டதாகப் பிரிஜா சொன்னாள். அதை நோட்டில் குறித்து வைத்திருந்தவள், இதழை எடுத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தாள், நீ நான்கையும் திருத்தினாயா என்று. திருத்தியிருக்கிறாய். “பரவாயில்ல, சித்திக்கு அறுபது மார்க்கு போடலாம்” என்றாள். நாற்பது எதற்குக் குறைந்தது என்று கேட்டேன். “அந்த டாக்டரு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாப் பேசுகாரு” என்றாள்.

மத்தியாஸ் வாத்தியார் வாசகசாலையில் நின்று என்னிடம், முடிவு சப்பென்று இருக்கிறது என்றார். லீலாபாய் அதைக் கேட்டுக்கொண்டே நின்றவள், “உங்களுக்கு சப்புன்னு இருக்கும் சாரே. எனக்கு அன்னைக்குத்தான் ஒறக்கம் வந்தது” என்றாள். அவள் மகன் மூன்று செவ்வாயாகப் போய்வருகிறான். இப்போது நாங்கள் எல்லாரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். டாக்டரைப் பார்த்துவிட்டுக் குருசடிக்கும் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருகிறோம். அந்தோணியாரிடம் அத்தனை பொய் சொல்லியிருக்கிறேன், சமாதானம் பண்ண வேண்டாமா?

நான் அந்த அத்தியாயத்தை நேற்றுத்தான் படித்தேன். முன்பே கையெழுத்துப் பிரதி வந்தபோது பயந்து தொடவில்லை. காலையில் எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து படித்தேன். அந்தப் பெண் அபிதாவின் ஷாலைப் பிடித்துக்கொண்டு மதிலோரத்தில் இருந்து நடத்திக் கூட்டிக்கொண்டு போகிறாளே, அந்த இடத்தில் இருந்து எனக்கு எழுத்துத் தெரியவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்து முடித்தேன். எடுத்துக்கொள் என்று பிரிஜாவை விட்டு எழுதவைத்தேனே, அந்த உப்பையும் பார்த்தேன். இருக்கட்டும், அது நான் உனக்குத் தந்ததுதான்.

பிறகு தையல் பெட்டியைத் திறந்து இரண்டு கொண்டியையும் எடுத்தேன். திருகாணிகளில் ஒன்றைக் காணோம். ததேயுஸ் மீன் வாங்கிக்கொண்டு வந்ததும் அவர் கையில் கொடுத்தேன். அடுத்த வாரம் பஹ்ரைனுக்குப் போகிறார், பெட்டி கட்ட எடுத்து வைத்திருந்த சாமானுக்குள் தேடி வேறொரு திருகாணி எடுத்தார். இரண்டு கதவிலும் மாட்டிவிட்டு நாலைந்து தடவை போட்டுத் திறந்து பார்த்தார்.

சாயங்காலம் பிரிஜா ஸ்கூல்விட்டு வந்தாள். மாற்றுத் துணியை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல வாளியைத் தூக்கிக் கதவுக்கிட்டே கொண்டுபோனாள். கொண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாளியைத் திரும்பக் குழாயடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கொண்டி விழுகிற சத்தம் கேட்டது.

நான் கதவுக்கு வெளியே நின்றேன், பகவதி. நான்கு மாதத்துக்கு அப்புறம் அந்தக் கதவு அடைத்துக் கிடக்கிறது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது, பிறகு நிற்கிறது, பிறகு கேட்கிறது. நிற்கிற நேரமெல்லாம் கையை ஓங்குகிறேன். கதவை முட்டவில்லை. சத்தியமாக முட்டவில்லை.

உள்ளே இருந்து குரல் வந்தது.

“எம்மா, வெளிய நிக்கியா?”

“இல்லியே மக்கா.”

“சும்மா பொய் சொல்லாத. கதவுக்கடியில கால் தெரியுது. போய் சாளையக் கழுவு, எனக்குப் பசிக்குது.”

நான் போய் மீன் கழுவினேன்.

கிரேசி